கை நுழையாத இடத்தில் போல்ட்: ஆர்வி-7 பெல்கிராங்க், ஏலரான் வாஷர், ஸ்பார் போல்ட்

டாலஸ்_ஆர்வி7 எழுதியது:

வணக்கம். நான் கிட்டிலிருந்து கட்டும் ஆர்வி-7 விமானத்தின் இறக்கைகள் இரண்டும் ஸ்டாண்டில் ஏறிவிட்டன. மேல்தோல் (மேல்பக்கத் தகடு) ரிவெட் முடிந்தது. கீழ்தோல் இன்னும் கிளீகோவில்தான் (கழற்றக்கூடிய தற்காலிகப் பிடிப்பான்) நிற்கிறது. அதையும் அடித்து மூடிவிட்டால் பெல்கிராங்கிடம் (ஸ்டிக்கின் அசைவைத் திசை திருப்பி ஏலரானுக்குக் கொடுக்கும் நெம்புகோல்) போக ஆய்வு ஓட்டை ஒன்றுதான் வழி. அதனால் இப்போதே கேட்டுவிடுகிறேன்.

பெல்கிராங்க் ஸ்பாருக்கு (இறக்கையின் முதன்மை உத்தரம்) பின்னால், மேலும் கீழும் இருக்கும் இரண்டு பிராக்கெட்டுக்கு நடுவில் உட்காருகிறது. நீளமான 1/4 அங்குல போல்ட் ஒன்று மேல் பிராக்கெட், வாஷர், பித்தளை புஷ், மறுபடி வாஷர், கீழ் பிராக்கெட் என்று எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு இறங்க வேண்டும். தோல் இல்லாமல் திறந்து கிடக்கும்போதே வாஷர் நழுவுகிறது. இதை இப்போதே நிரந்தரமாகப் பூட்டிவிட்டு மூடலாமா, இல்லை பிறகு ஓட்டை வழியாகப் பூட்டலாமா?

அடுத்தது ஏலரான் (விமானத்தைச் சாய்க்கும், இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) கீல். பேரிங்கின் உருண்டைக்கும் பிராக்கெட் காதுக்கும் நடுவில் வாஷர்கள் நிற்க வேண்டும். விரல் உள்ளே போனால் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, கண் பார்க்க வேண்டுமென்றால் விரலை வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது. இறக்கை மாட்டும்போது வரும் ஸ்பார் போல்ட் பற்றியும் கவலை உண்டு. அதைப் பிறகு கேட்கிறேன்.

ஏற்கெனவே கட்டி முடித்தவர்கள் வழி சொல்லுங்கள்.


பழைய_ரிவெட் எழுதியது:

தம்பி, நான் விமானப்படையில் ஏர்ஃப்ரேம் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆர்வி கட்டியதில்லை. ஆனால் கை நுழையாத இடம் எல்லா விமானத்திலும் ஒன்றுதான்.

பெல்கிராங்கை இப்போதே பூட்டுங்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கீழ்தோலைக் கிளீகோவில் முழுவதும் போட்டு மூடிவிட்டு, ஆய்வு ஓட்டை வழியாக மட்டும் அந்தப் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். கழற்றிய பின் திரும்பப் பூட்டியும் பாருங்கள். இன்றைக்கு எளிதாகப் பூட்டிவிடலாம், அது பெரிய விஷயமில்லை. பத்து வருடம் கழித்துப் புஷ் தேய்ந்து, ஆண்டு ஆய்வில் அதைக் கழற்ற வேண்டி வரும்போது கீழே படுத்துக்கொண்டு ஓட்டைக்குள் கை விடப்போவது நீங்கள், அல்லது உங்களிடமிருந்து விமானத்தை வாங்கியவர். எந்த ஸ்பேனர் உள்ளே திரும்புகிறது, எது ரிப்பில் (இறக்கையின் குறுக்குச் சட்டம்) முட்டுகிறது என்பதெல்லாம் தோல் கிளீகோவில் இருக்கும்போதே தெரிந்துவிட வேண்டும். முட்டினால் தோலை எடுத்துவிட்டு யோசிக்க இன்றைக்கு வழி இருக்கிறது. ரிவெட் அடித்த பிறகு அது கிடையாது.

ஸ்பேனரை வெட்டத் தயங்காதீர்கள். மலிவான 7/16 ஸ்பேனர் நான்கைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பாதியாக அறுங்கள், இன்னொன்றின் தலையைக் கிரைண்டரில் மெலிதாக்குங்கள், மூன்றாவதைச் சூடாக்கி வளையுங்கள். நாங்கள் வேலை பார்த்த ஹேங்கரில் ஒவ்வொரு பழைய ஃபிட்டரின் பெட்டியிலும் இப்படி உருமாறிய ஸ்பேனர்கள் இருக்கும். எந்த இடத்துக்கு எது என்று அதிலேயே பொறித்து வைத்திருப்பார்கள். நீங்களும் பொறித்து, விமானத்தின் கருவிப் பையிலேயே போட்டுவிடுங்கள்.

போல்ட்டின் தலை மேலே, அல்லது முன்னே. நட் தவறிக் கழன்றாலும் போல்ட் தன் எடையிலேயே ஓட்டையில் நிற்கட்டும் என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் இது. வரைபடம் வேறு மாதிரி காட்டினால் வரைபடம் சொல்வதைச் செய்யுங்கள். அசையும் பாகத்தில் நட் பக்கம் எங்காவது உரசும் என்பதால் சில இடங்களில் திருப்பிப் போடச் சொல்லியிருப்பார்கள். பூட்டியதும் பெல்கிராங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி இடைவெளியைப் பாருங்கள்.

பித்தளை புஷ்ஷின் நீளத்தையும் அளந்துவிடுங்கள். பெல்கிராங்கின் குழாயைவிடப் புஷ் சற்றே நீளமாக இருக்க வேண்டும். இறுக்கும்போது பிராக்கெட்டுகள் புஷ்ஷைத்தான் கவ்வ வேண்டும், பெல்கிராங்க் அதன்மேல் தாராளமாகச் சுழல வேண்டும். புஷ் குட்டையாக இருந்தால் எவ்வளவு சரியான டார்க் (இறுக்கும் முறுக்குவிசை) கொடுத்தாலும் கட்டுப்பாடு கடினமாகும்.


டொராண்டோ_குமரன் எழுதியது:

அண்ணை சொன்னது முழுக்கச் சரி. நான் ஆர்வி-9ஏ கட்டி முடிச்சனான். ஏலரான் வாஷருக்கு என்ர வழியச் சொல்லுறன்.

முதல்ல எத்தினை வாஷர் வேணுமெண்டு வெளியில வச்சே அளந்துபோடுங்கோ. இடைவெளிய ஃபீலர் கேஜால (அளவு குறிச்ச மெல்லிய தகடுகள்) பாத்து, தடிச்ச வாஷர், மெல்லிய வாஷர் ரெண்டையும் கலந்து அடுக்கைத் தீர்மானியுங்கோ. அந்த அடுக்கை ஒரு பழைய போல்டில கோத்து, ஓரத்தில ஊசி முனையளவு சூப்பர் க்ளூ விட்டால் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாகிடும். நாலு வாஷரோட மல்லுக்கட்டாமல் ஒரு துண்டை மட்டும் உள்ள தள்ளலாம். பல்லிடுக்குக்குப் பாவிக்கிற நூலை அதில ஒரு சுத்துச் சுத்திவிட்டால் கீழ விழுந்தாலும் இழுத்தெடுக்கலாம். போல்ட் ஊடுருவினாப் பிறகு நூலை உருவிப்போடுங்கோ.

வாஷரை நேரா நிப்பாட்ட, மெல்லிய அலுமினியத் துண்டொண்டை நீளமா வெட்டி, நுனியில வாஷரின்ர பாதி உட்காருற மாதிரிப் பள்ளம் எடுத்து, பின்னுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டினால் காணும். கடையிலயும் விக்கினம், ஆனா இதை அஞ்சு நிமிசத்தில வெட்டலாம்.

போல்ட் போட முதல், அதே தடிப்புள்ள ஒரு கூர்முனைக் கம்பியை முதல்ல விடுங்கோ. பிராக்கெட், வாஷர், பேரிங் எல்லாம் ஒரே நேர்கோட்டுக்கு வந்துடும். பிறகு போல்ட்டை மறுபக்கத்தால தள்ளத் தள்ளக் கம்பி பின்வாங்கும். இடையில வாஷர் விழ இடமே இருக்காது.

இங்க கனடாவில தோல் மூட முதல் எம்டி-ஆர்ஏ (தாங்களே கட்டின விமானங்களைப் பரிசோதிக்கிற அமைப்பு) ஆய்வாளர் வந்து உள்ளுக்குப் பாக்கோணும், அது சட்டம். அமெரிக்காவில அப்பிடி இல்லை, கடைசியில ஒருக்காத்தான் பாப்பினம். அதால நீங்கள் இஏஏ (தாங்களே விமானம் கட்டுறவையின்ர சங்கம்) டெக்னிகல் கவுன்சிலர் ஒராளைக் கூப்பிட்டு இப்பவே காட்டுங்கோ. அவை தன்னார்வமா வருவினம், காசு கேக்கமாட்டினம்.


பழைய_ரிவெட் எழுதியது:

குமரன், கூர்முனைக் கம்பி அருமையான வழி. பசை விஷயத்தில் மட்டும் எனக்கு மாறுபாடு இருக்கிறது.

இரண்டு வாஷருக்கு நடுவில் பசைப் படலம் நின்றால், இறுக்கும்போது அந்தப் படலத்தையும் சேர்த்தே இறுக்குகிறோம். அதிர்வில் அது நொறுங்கி வெளியேறினால் அந்த அளவுக்கு இறுக்கம் குறையும். அதனால் பசையை ஓரத்தில் மட்டும் வைக்க வேண்டும், முகத்தில் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. புதிதாகக் கட்டுபவர் கையில் அந்தக் கட்டுப்பாடு வருமா என்பதுதான் என் பயம். நைலான் நட்டுக்கு (உள்ளே நைலான் வளையம் வைத்த பூட்டு நட்) பக்கத்திலும் இந்தப் பசையைக் கொண்டுபோக வேண்டாம்.

சிலர் பசைக்குப் பதில் கிரீஸ் தடவி வாஷரை ஒட்டவைப்பார்கள். அதிலும் கவனம் வேண்டும். நாம் கொடுக்கும் டார்க்கில் ஏறக்குறையப் பாதி நட்டின் அடிமுகத்து உராய்வுக்கே போகிறது. மரைகளில் இன்னொரு பெரும்பங்கு போகிறது. மிச்சம் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை உண்மையில் இழுக்கிறது. அட்டவணையில் உள்ள டார்க் அளவுகள் சுத்தமான, எண்ணெய் படாத மரைக்கானவை. கிரீஸ் மரையில் ஏறினால் உராய்வு குறைந்து, அதே டார்க்கில் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். ஆகவே கிரீஸ் தடவினால் வாஷர் பிராக்கெட்டைத் தொடும் பக்கத்தில் மட்டும், அதுவும் லேசாக. நட் சுழலும் பக்கம் உலர்ந்தே இருக்கட்டும்.


டொராண்டோ_குமரன் எழுதியது:

பசை ஓரத்தில மட்டும் எண்டுதான் நானும் சொன்னனான் அண்ணை. முகத்தில பசை பட்டால் அந்த அடுக்கை எறிஞ்சுபோட்டுப் புதுசா எடுக்கோணும், அதில எனக்கும் உங்களுக்கும் வித்தியாசமில்லை. கீல் வாஷருக்கு நான் இப்பவும் பசை பக்கம்தான். பேரிங்கை அடிக்கடி கழட்டேக்க அடுக்கு மாறாமல் அப்பிடியே திரும்பப் போகும்.


மெல்போர்ன்_மீனா எழுதியது:

நான் கட்டுவது ஜெனித் சிஎச் 750. பெரும்பாலும் ஒரு பக்கமிருந்தே அடிக்கும் ரிவெட் என்பதால் தகடு வேலையில் உங்களைவிட எனக்குச் சுமை குறைவு. ஆனால் போல்ட் விஷயம் ஒன்றேதான். டார்க் பற்றிப் பேச்சு வந்ததால் இதைச் சேர்க்கிறேன், ஏனென்றால் கை நுழையாத இடத்தில் பலர் கைவிடுவது டார்க்கைத்தான். கையாலேயே இறுக்கிவிட்டுப் போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

3/16 அங்குல ஏஎன்3 போல்டுக்கு, சாதாரண உயர நட்டென்றால், 20 முதல் 25 அங்குல-பவுண்ட். 1/4 அங்குல ஏஎன்4-க்கு 50 முதல் 70. இது எஃப்ஏஏவின் (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) ஏசி 43.13-1பி அட்டவணையில் இருக்கிறது. உங்கள் கிட் தயாரிப்பாளர் வேறு எண் கொடுத்திருந்தால் அதுவே முடிவு. நைலான் நட் தானாகவே கொடுக்கும் எதிர்ப்பை இதனுடன் கூட்ட வேண்டும். நட் இன்னும் பரப்பைத் தொடாமல் மரையில் சுழலும்போது டார்க் ரெஞ்ச் 6 காட்டினால், ஏஎன்3-க்கு உங்கள் இலக்கு 26 முதல் 31. சிறிய போல்டில் இந்த 6 பெரிய பங்கு. கூட்டாமல் விட்டால் போல்ட் தளர்வாகவே நிற்கும்.

சாக்கெட் நுழையாத இடத்தில் குரோஃபுட் (டார்க் ரெஞ்சின் முனையில் மாட்டும் திறந்த வாய் ஸ்பேனர் தலை) போடுவோம். டார்க் ரெஞ்சுக்கு நேர்கோட்டில் குரோஃபுட்டை நீட்டினால் நெம்புகோல் நீளம் கூடும், ரெஞ்ச் காட்டுவதைவிட அதிக டார்க் நட்டில் விழும். கணக்கு இது: ரெஞ்சில் வைக்கும் அளவு = வேண்டிய டார்க் × ரெஞ்ச் நீளம் ÷ (ரெஞ்ச் நீளம் + நீட்சி). 10 அங்குல ரெஞ்சில் 2 அங்குல நீட்சி, நட்டுக்கு 60 வேண்டும் என்றால், 60 × 10 ÷ 12, அதாவது ரெஞ்சில் 50 வைக்க வேண்டும். ரெஞ்ச் நீளம் என்பது சதுர முனையிலிருந்து கைப்பிடியில் நீங்கள் பிடிக்கும் இடம் வரை. குரோஃபுட்டை ரெஞ்சுக்கு 90 டிகிரியில் திருப்பி வைக்க இடமிருந்தால் திருத்தமே தேவையில்லை. நான் முடிந்தவரை 90 டிகிரியில்தான் வைக்கிறேன்.

நட் பக்கம் ரெஞ்ச் போகவே இல்லை, தலைப்பக்கம்தான் திருப்ப முடியும் என்றால், போல்ட் தண்டு ஓட்டையில் உரசும் உராய்வையும் முதலில் அளந்து கூட்டிக்கொள்ளுங்கள்.


டாலஸ்_ஆர்வி7 எழுதியது:

மிக்க நன்றி. ஒரு கேள்வி. ஒத்திகைக்காகப் போட்டுக் கழற்றும்போது அதே நைலான் நட்டைத் திரும்பப் பயன்படுத்தலாமா? கிட்டில் எண்ணித்தான் கொடுத்திருக்கிறார்கள்.


பழைய_ரிவெட் எழுதியது:

ஒத்திகைக்குச் சாதாரண நட், கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட். கிட்டில் வந்த நைலான் நட்டுக்கு ஒரே தடவை, கடைசியாக இறுக்கும்போது. போட்டுக் கழற்றப் போட்டுக் கழற்ற நைலான் வளையம் தேய்ந்து பிடிப்பை இழக்கும். விரலாலேயே நட்டை நைலான் தாண்டிச் சுழற்ற முடிந்தால் அது குப்பைக்கு.

2011 செப்டம்பர் 16 அன்று நெவாடாவில் ரீனோ விமானப் பந்தயத்தில் கேலப்பிங் கோஸ்ட் என்ற பி-51டி பார்வையாளர் பகுதியில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். விமானியும் தரையில் இருந்த பத்துப் பேரும். என்டிஎஸ்பி (அமெரிக்க விபத்து விசாரணை வாரியம்) கண்டது: எலிவேட்டர் டிரிம் டேபை (வால் பலகையின் விளிம்பில் உள்ள சிறு பலகை) பிடித்திருந்த பூட்டு நட்டுகளின் உள்வளையம் பழசாகிப் பிடிப்பு இழந்திருந்தது, திருகுகள் தளர்ந்தன, டேபின் விறைப்பு குறைந்து உச்ச வேகத்தில் படபடத்தது. அந்த விமானத்தில் சோதித்துப் பார்க்காத மாற்றங்கள் வேறு செய்திருந்தார்கள், அதுவும் காரணத்தில் சேர்ந்தது. ஆனால் தொடக்கம் அந்தச் சின்ன நட்டில் இருக்கிறது. ஒரு பை நட் வாங்க ஆகும் செலவை இதோடு வைத்துப் பாருங்கள், தம்பி. கூடுதலாக வாங்கி வையுங்கள்.

இன்னும் இரண்டு இடத்தில் நைலான் நட் ஆகாது. ஃபயர்வாலுக்கு (எஞ்சினைக் காக்பிட்டிலிருந்து பிரிக்கும் தடுப்பு) முன்னால், எஞ்சின் பக்கம், வெப்பம் 250 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டக்கூடிய இடத்தில் முழு உலோகப் பூட்டு நட்தான். போல்ட் அல்லது நட் சுழற்சிக்கு உள்ளாகும் இணைப்பில் காஸில் நட்டும் (பள்ளங்கள் வெட்டிய நட்) அதன் குறுக்கே குத்தும் காட்டர் பின்னும்தான். கை நுழையாத இடத்தில் காட்டர் பின் குத்துவது பெரும்பாடு. அந்தச் சோம்பலில் நைலான் நட் போட்டுவிட்டுப் போகக் கூடாது.


டொராண்டோ_குமரன் எழுதியது:

விழுந்த நட்டைப் பற்றியும் சொல்லோணும். இறக்கைக்குள்ள விழுந்தது எடுக்கிற வரைக்கும் அண்டைக்கு வேற வேலை இல்லை. பெல்கிராங்குக்கும் புஷ்ராடுக்கும் (ஏலரானைத் தள்ளுற தண்டு) இடையில அது உருண்டு போய்ச் சிக்கினால் ஏலரான் பூட்டிக்கொள்ளும்.

வேலை தொடங்க முதல் தட்டில எத்தினை துண்டு எண்டு எண்ணி எழுதுங்கோ. முடிய மிச்சத்தை எண்ணுங்கோ. கணக்கு ஒத்துவராட்டித் தோல் மூடக் கூடாது. போல்டுக்குக் கீழ இருக்கிற ரிப் ஓட்டைகளை டேப்பால மறைச்சுபோட்டு, அடியில ஒரு துணி விரிச்சு வேலை செய்யுங்கோ. விழுந்தாலும் அந்தப் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். காந்தம் காட்மியம் பூசின இரும்பு நட், வாஷருக்குத்தான் வேலை செய்யும். ஸ்டெயின்லெஸ் வாஷரும் அலுமினிய ரிவெட்டும் காந்தத்தில ஒட்டாது, அதுக்கு நாலு நக வளை இடுக்கியும் போனில மாட்டுற ஆய்வுக் கேமராவும் வேணும்.


டாலஸ்_ஆர்வி7 எழுதியது:

கீழ்தோலைக் கிளீகோவில் போட்டு ஒத்திகை பார்த்தேன். பெல்கிராங்க் போல்ட்டைக் கழற்ற முடிகிறது. ஆனால் மேலே இருக்கும் வாஷரைத் திரும்ப வைக்கும்போது மணிக்கட்டு ஓட்டையின் ஓரத்தில் இடிக்கிறது. ஓட்டையைப் பெரிதாக்கவோ பக்கத்தில் இன்னொன்று வெட்டவோ செய்யலாமா?


மெல்போர்ன்_மீனா எழுதியது:

வெட்டாதீர்கள். அந்தத் தோல் சும்மா மூடி இல்லை, இறக்கையின் முறுக்குச் சுமையைத் தாங்குகிறது. இருக்கும் ஓட்டையைச் சுற்றி உள்பக்கம் ஒரு வலுவூட்டும் வளையத் தகடு ரிவெட் அடித்திருப்பதைப் பாருங்கள், அறுத்தெடுத்த பலத்தை அது திருப்பித் தருகிறது. ஓட்டையைப் பெரிதாக்கினால் அந்தக் கணக்கு கெட்டுவிடும். கட்டாயம் வேண்டுமென்று தோன்றினால் வடிவமைத்தவர்களிடம் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகுதான் கத்தி. உங்களுக்கு அது தேவைப்படாது. குமரன் சொன்ன அலுமினியப் பட்டையை ஓட்டையின் கோணத்துக்கு ஏற்ப வளைத்துப் பாருங்கள், மணிக்கட்டு வெளியிலேயே இருக்கும்.

கை எட்டாத இடத்தைப் பற்றிப் பேசும்போது எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது ஒரு வால்வு. 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவில் மாண்டெரே விரிகுடா ஓரம் பாடகர் ஜான் டென்வர் ஓட்டிய லாங்-ஈஸி கடலில் விழுந்து அவர் இறந்தார். கையால் கட்டிய விமானம் அது, கட்டியவர் வேறொருவர். வடிவமைத்த பர்ட் ரூட்டனின் வரைபடத்தில் எரிபொருள் தேர்வு வால்வு விமானியின் கால்களுக்கு நடுவில் இருந்தது. கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் மாற்றிவிட்டார். டாங்க் மாற்ற வேண்டுமென்றால் உடம்பைத் திருப்பிப் பின்னால் எட்ட வேண்டும், அப்படித் திரும்பும்போது கால் வலது ரடர் பெடலை மிதித்துவிடுகிறது. என்டிஎஸ்பி அறிக்கை, எட்டக் கடினமான இடத்தில் அடையாளம் எதுவும் இல்லாமல் வால்வை வைத்ததையும் காரணங்களில் ஒன்றாக எழுதியிருக்கிறது.

எரிபொருள் குழாய் காக்பிட்டுக்குள் வரக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் அவர் மாற்றினார். அதுதான் எனக்கு வலிக்கிறது. ஆர்வியில் வால்வு கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அதை நகர்த்த வேண்டாம். நீங்கள் சொந்தமாக இடம் முடிவு செய்யப்போகும் சமாசாரங்கள் இன்னும் வரும்: சர்க்யூட் பிரேக்கர், இஎல்டி (விபத்தில் இடம் காட்டும் அவசரக் கருவி), பிரேக் திரவக் குடுவை, பாட்டரி. ஒவ்வொன்றையும் பூட்டும் முன் இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட் கட்டி, கையை நீட்டிப் பாருங்கள்.


டாலஸ்_ஆர்வி7 எழுதியது:

இந்தச் சம்பவத்தைக் கேள்விப்பட்டிருக்கிறேன். வால்வை இடம் மாற்றிய விவரம் இப்போதுதான் தெரியும்.

பட்டையை வளைத்துப் பார்த்தேன், வாஷர் போகிறது. ஓட்டையை வெட்டும் எண்ணத்தை விட்டுவிட்டேன். ஸ்பார் போல்ட் பற்றியும் சொல்லிவிடுங்கள். நட் பக்கம் ரிப்பும் ஆங்கிளும் நெருக்குகின்றன, சாக்கெட் நுழையாது போலிருக்கிறது.


பழைய_ரிவெட் எழுதியது:

அவை ஓட்டையை இறுகப் பற்றும் அளவில் செய்த போல்ட்கள். ஒத்திகைக்கு அவற்றைத் தொடவே கூடாது. சற்று மெலிந்த கடைப் போல்ட்டின் முனையைக் கூராக்கி, அவற்றை வைத்து இறக்கையை ஏற்றி இறக்கிச் சரிபாருங்கள். எரிபொருள் குழாய், பிட்டோ (வேகம் அளக்கும்) குழாய், ஒயர் எல்லாம் அந்த நிலையிலேயே அளந்து முடிந்துவிட வேண்டும்.

கடைசியாக உண்மையான போல்ட் போடும்போது இறக்கை நுனியில் ஒருவர் நின்று மெல்ல மேலும் கீழும் அசைத்துக் கொடுக்கட்டும். ஓட்டை நேர்கோட்டுக்கு வரும் கணத்தில் போல்ட் தானே நகரும். சுத்தியலால் ஓங்கி அடிக்க வேண்டியிருந்தால் ஓட்டைகள் இன்னும் நேராகவில்லை என்று பொருள். நிறுத்திவிட்டு அசைவைச் சரிசெய்யுங்கள். போல்ட்டை ஃப்ரீசரில் வைப்பார்கள், நல்லதுதான், ஆனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். அரை அங்குல எஃகு போல்ட் 40 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் சுருங்குவது அங்குலத்தின் பத்தாயிரத்தில் இரண்டு பாகம் அல்லது சற்று மேலே, அவ்வளவே. வெளியே எடுத்ததும் அதன்மேல் ஈரம் படியும், துடைத்துவிட்டுப் போடுங்கள்.

நட் பக்கத்துக்குக் குரோஃபுட்தான். அதன் வெளிச்சுவரைக் கிரைண்டரில் மெலிதாக்க வேண்டியிருக்கலாம். மெலிதாக்கியதை முதலில் வைஸில் ஒரு பழைய போல்டில் அதே டார்க்குக்கு இறுக்கிப் பாருங்கள், விரிகிறதா என்று தெரிந்துவிடும்.


டொராண்டோ_குமரன் எழுதியது:

எரிபொருள் குழாயின்ர பி-நட்டையும் (குழாயை ஃபிட்டிங்கோட இணைக்கிற நட்) மறக்காதேங்கோ. இறக்கை ஏறினாப் பிறகு டாங்குக்கும் விமானத்தின்ர உடம்புக்கும் இடையில கிடைக்கிறது ஒடுங்கின சந்து. ரெண்டு ஸ்பேனர் போகோணும், ஒண்டு ஃபிட்டிங்கைப் பிடிக்க, மற்றது நட்டைத் திருப்ப. பிடிக்காமல் திருப்பினால் டாங்கிலுள்ள ஃபிட்டிங்கே சுழண்டு சீலன்ட் வெடிக்கும். 37 டிகிரி ஃபிளேர் (குழாயின்ர விரிச்ச நுனி) தானாவே அடைக்கும், மரையில டெஃப்லான் டேப் சுத்தாதேங்கோ. ஃபேரிங் (அந்தச் சந்தை மூடுற தகடு) பூட்ட முதல் டாங்கில பெட்ரோல் விட்டு ஒரு இரவு வச்சு, கீழ வெள்ளைக் கடதாசி விரிச்சுப் பாருங்கோ.


டாலஸ்_ஆர்வி7 எழுதியது:

குறித்துக்கொண்டேன். சனிக்கிழமை டெக்னிகல் கவுன்சிலர் வருகிறார். பெல்கிராங்க் இரண்டையும் புது நட் போட்டு டார்க் கொடுத்து வைக்கிறேன், இறுக்கியதைக் காட்டும் வண்ணக் கோட்டை (டார்க் சீல்) மட்டும் அவர் பார்த்த பிறகு போடுகிறேன். கீழ்தோலுக்கு உள்ளே கை நீட்டி பக்கிங் பார் (ரிவெட்டின் மறுமுனையைத் தாங்கும் இரும்புக் கட்டை) பிடிக்க என் மனைவி சம்மதித்திருக்கிறார், கை என்னுடையதைவிட நீளமாக உள்ளே போகிறது. ஏலரான் கீலுக்கு இரண்டு அடுக்கு தயார் செய்து படம் போடுகிறேன். பசை ஓரத்தில் மட்டும் நின்றிருக்கிறதா என்று குமரன் அண்ணாவும் ரிவெட் ஐயாவும் பார்த்துச் சொல்லுங்கள்.


பழைய_ரிவெட் எழுதியது:

படத்தை இரண்டு முகமும் தெரிகிற மாதிரி எடுங்கள், தம்பி. ஒவ்வொரு அடுக்கின் தடிமனையும் மைக்ரோமீட்டரில் அளந்து படத்தோடு எழுதுங்கள். தனித்தனி வாஷர்களைக் கூட்டிய தடிமனும் ஒட்டிய அடுக்கின் தடிமனும் ஒன்றாக இருந்தால் நடுவில் பசை இல்லை. அப்படி வந்தால் நானும் சரி என்று சொல்லிவிடுவேன்.